வெள்ளிக் கம்பி வந்த வழி

முதலில் அதை ஏதோ நகைப் பட்டறைச் சாமான் என்றுதான் நினைத்தேன். ஒரு சாண் நீளம்கூட வராது. நடுவில் இரண்டு விரலால் பிடிக்க ஒரு தட்டையான தகடு. தகட்டின் இருபக்கமும் வளைத்தால் வளைகிற மெல்லிய கம்பி. நுனி மட்டும் குத்தாதபடி மழுங்கியிருந்தது. தகட்டில் பொடியாக எண் பொறித்திருந்தது: ஒரு பக்கம் ஒற்றைச் சுழியம், மறுபக்கம் இரட்டைச் சுழியம். சுழியம் கூடக் கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகுமாம். இரட்டைச் சுழியக் கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் எந்தப் பத்தரிடம் நீட்டினாலும் தன் பட்டறையில் காணாமல் போனதென்று வாங்கி வைத்துக்கொள்வார்.

"தொட்டுப் பாக்கலாமா?"

"கண்ணால பாத்தாப் போதும் ஐயா" என்றார் டாக்டரம்மா.

பவுமன் ப்ரோப் என்று அதற்குப் பெயர். குழந்தையின் கண்ணோரத்தில் நுழைந்து மூக்குக்குள் இறங்குகிற கம்பி. என் மடியில் இருந்த பேத்திக்கு அன்றைக்கு வயது ஒன்றரை மாதம். அந்தக் கம்பியைப் பார்த்ததும் நான் அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு கே.கே. நகர் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம் இடது கண்ணில் தண்ணீர் கட்ட ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் பூளை அப்பி இமை ஒட்டிக்கிடக்கும். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டால்தான் கண் திறக்கும். அம்மாச்சி, அதாவது என் மனைவி, மெட்ராஸ் ஐ என்று தீர்ப்புச் சொன்னாள். பிள்ளையைப் பார்க்க வந்த சம்பந்தி அப்பத்தா, ஊர்க்கண்ணு பட்டிருச்சு என்று சொல்லி நெற்றி ஓரத்தில் இன்னொரு மைப்பொட்டு வைத்தார். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு என்றது எதிர்வீடு. நான் என் பங்குக்கு, மெடிக்கலில் விவரம் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். மருந்து விட்ட நாலு நாள் பூளை குறைந்தது. நிறுத்தியதும் பழைய கதை. ஆளுக்கொரு வைத்தியம் பார்த்து மூன்று வாரம் போன பிறகுதான் கண் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுகிற தூரத்தில் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு!

டாக்டரம்மா முதலில் பார்த்தது வெள்ளைவிழியை. சிவக்கவில்லை. மெட்ராஸ் ஐ என்றால் கண் சிவந்து கோவைப்பழமாகியிருக்கும். இது வெறும் தேங்கல் என்றார். ஒரு காகிதப் பட்டையில் இருந்த ஆரஞ்சுச் சாயத்தை இரண்டு கண்ணிலும் தொட்டுவைத்து ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். பிறகு நீல விளக்கை அடித்தார். வலது கண்ணில் சாயம் வடிந்து போயிருந்தது. இடது கண்ணில் மட்டும் கீழிமை ஓரமாகப் பச்சை மஞ்சளில் ஒரு குட்டை மின்னியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கே.கே. நகர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். லேக் வியூ ரோட்டுப் பக்கம் நடக்கப் போனால் வண்டியூர்க் கண்மாய். கண்மாய்க்கு வரத்து உண்டு, கரை உண்டு, மடை உண்டு. மடை அடைத்துக்கொண்டால் வரத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் கரையைத் தாண்டத்தான் செய்யும். கண்ணிலும் அதேதான். மேலிமைக்குள் வெளியோரமாக இருக்கிற சுரப்பி வரத்து. அழும்போது மட்டுமில்லை, நாள் முழுக்க அதிலும் இமையில் இருக்கிற சின்னச் சுரப்பிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊறி விழியை நனைத்துக்கொண்டிருக்கிறது. இமை விளிம்புதான் கரை. மூக்கை ஒட்டிய ஓரத்தில், மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக இரண்டு மடைக்கண்கள். கண்ணாடி முன் நின்று கீழிமையைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அங்கிருந்து நீர் செங்குத்தாக இரண்டு மில்லிமீட்டர் இறங்கி, மூக்குப் பக்கம் திரும்பி எட்டு மில்லிமீட்டர் ஓடி, ஒரு பையில் சேர்கிறது. பையிலிருந்து எலும்புக்குள் போகிற குழாய் வழியாக மூக்கின் உள்ளே கீழ்மடிப்புக்கு அடியில் போய் விழுகிறது. நாம் கண் சிமிட்டும்போதெல்லாம் இமைத் தசை ஒரு கைப்பம்பு மாதிரி நீரை உறிஞ்சித் தள்ளுகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசப்பது இந்த வழியால்தான். அழுதால் மூக்கு ஒழுகுவதும் இதனால்தான்.

இந்தக் குழாய் ஆரம்பத்திலேயே குழாயாக உருவாவதில்லை. கருவில் அது ஒரு கெட்டியான நூல். மாதங்கள் போகப் போக நூல் உள்ளீடற்றுப் போய்க் குழாயாகிறது. மூக்குக்குள் திறக்கிற கீழ்முனைதான் கடைசியாகத் திறக்கும். பிறக்கிற நேரத்தை ஒட்டி. அங்கே ஒரு மெல்லிய சவ்வு. 19-ஆம் நூற்றாண்டில் பிராகில் இருந்த ஹாஸ்னர் என்ற கண் மருத்துவரின் பெயரைத்தான் அந்த இடத்து மடிப்புக்கு வைத்திருக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தச் சவ்வு கிழியாமல் நின்றுவிடுகிறது. மடைப்பலகை எடுக்காத கண்மாய். பிறந்த முதல் சில வாரங்களில் பிள்ளை வீரிட்டு அழுதாலும் கண்ணீர் அவ்வளவாக வராது என்பதால் மூன்றாவது வாரம்வரை வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் பக்கக் கண்மாய்களில் மடைக்குடும்பன் என்று ஒரு ஆள் இருப்பார். மூச்சடக்கி முங்கி, தண்ணீருக்கு அடியில் மடையைத் திறந்துவிட்டு வருவது அவர் வேலை. கண்ணின் அடிமடையைத் திறக்க ஒரு மடைக்குடும்பனைத் தேடித்தான் மருத்துவம் நெடுங்காலம் அலைந்திருக்கிறது.

பழைய ரோமாபுரியில் செல்சஸ் எழுதிவைத்த வைத்தியத்தைப் படித்தால் வயிற்றைப் பிசையும். கண்ணோரத்தில் சீழ் வைத்து ஒழுகுகிற இடத்தை அறுத்து, எலும்புவரை இரும்பைக் காய்ச்சிச் சுட வேண்டும். தண்ணீர் போக வழியில்லை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அங்கே ஒரு புண் இருக்கிறது, புண்ணைச் சுட்டால் ஆறும் என்றுதான் நினைத்தார்கள். பதினேழு நூற்றாண்டுகள் கழித்தும் ஐரோப்பாவில் அந்த இரும்பு முழுக்க ஆறவில்லை.

அதைக் கீழே போடவைத்தவர்களில் முக்கியமானவர் டொமினிக் ஆனெல் என்ற பிரெஞ்சுக்காரர், பட்டாளத்து வைத்தியராக இருந்தவர். ஜெனோவாவில் பெரிய இடத்துப் பிள்ளை ஒருவருக்குக் கண்ணோரத்தில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. ஆனெல் அறுக்கவுமில்லை, சுடவுமில்லை. பன்றிமயிர் அளவுக்கு ஒல்லியாக வெள்ளியில் ஒரு கம்பி செய்து, இமையில் இயற்கையாகவே இருக்கிற அந்த ஊசித்துளை வழியாக உள்ளே விட்டார். கூடவே முனை மெலிந்த ஒரு சின்னப் பீச்சாங்குழலால் மருந்து நீரைச் செலுத்திக் கழுவினார். நோய் தணிந்தது. டூரினிலிருந்து சவாய் அரச குடும்பம் கூப்பிட்டனுப்பும் அளவுக்குப் பேர் பரவியது. 1713-இல் தன் புது முறையைப் புத்தகமாகப் போட்டார். அந்தப் பீச்சாங்குழலுக்கு இன்றும் அவர் பெயர்தான். எனக்கு அவர் வைத்தியத்தை விடவும் பார்வை பிடித்திருக்கிறது. எல்லோரும் வெளியிலிருந்து உடைத்துப் போன வீட்டுக்குள் இவர் வாசல் வழியாகப் போனார்.

நம் கதையின் கம்பி அதற்கு அப்புறம் நூற்றைம்பது வருஷம் வாய்த்தவர்களின் கையில் மட்டும் இருந்தது. அதற்கு எண் போட்டு, அளவு வரிசைப்படுத்தி, எந்த மருத்துவரும் எடுத்துப் புழங்குகிற கருவியாக்கியவர் லண்டனின் வில்லியம் பவுமன். சிறுநீரகத்தில் ஒரு உறைக்கும் கருவிழியில் ஒரு படலத்துக்கும் இவர் பெயர் இருக்கிறது. மூர்ஃபீல்ட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1857-இல் கண்ணீர்ப் பாதை அடைப்பைப் பற்றி எழுதினார். பவுமனின் முறையில் ஒரு முரட்டுத்தனமும் உண்டு. கம்பி தாராளமாகப் போக வேண்டும் என்று ஊசித்துளையைக் கீறிப் பெரிதாக்கினார். அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர் இன்னும் மேலே போய், பருத்த கம்பி விட்டால் அகல வழி கிடைக்கும் என்று கம்பியைப் பருக்கவைத்துக்கொண்டே போனார்கள். அகல வழி கிடைத்ததோ இல்லையோ, தழும்பு கிடைத்தது. இன்றைக்குக் குழந்தைக்கு எடுக்கிற கம்பி ஆனெலின் ஒல்லிக் கம்பிக்குத்தான் சொந்தம். பெயர் மட்டும் பவுமனுடையது.

லண்டனிலிருந்து மதுரைக்கு வந்த வழியும் ஒரு வாய்க்கால்தான். மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரி ஆரம்பித்து பதினாலு வருஷத்தில், 1819-இல், ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்கு அனுப்ப, அங்கே ஒரு கண் மருத்துவமனை பிறந்தது. இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கண் ஆஸ்பத்திரி அதுதான். மெட்ராஸ் ஐ என்று அம்மாச்சி சொன்ன நோய்க்கு அந்தப் பெயர் வந்ததும் சென்னையில் அதைப் பார்த்து எழுதியதால்தான். அந்த எழும்பூரில் 1951-இல் கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர் வடமலாபுரத்து கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கோணல் விரலுக்கு ஏற்றபடி கருவிகளைப் பிடிக்கப் பழகி லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்று, 1976-இல் அண்ணா நகரில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதன் கதை ஊருக்கே தெரியும். வெளியில் பேசுகிறவர்கள் கண்புரையைத்தான் பேசுவார்கள். ஆனால் வைகைக்கு வடக்கே இருக்கிற எங்களுக்கு, பிள்ளை கண்ணில் தண்ணீர் வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓட ஒரு இடம் இருக்கிறது என்பதும் அந்த 11 படுக்கையிலிருந்து வந்ததுதான்.

இவ்வளவு தூரம் வந்த கம்பியைத்தான் டாக்டரம்மா காட்டிவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"இப்ப இது வேணாம் ஐயா. ஒரு வயசு வரைக்கும் உங்க மக விரல்தான் கம்பி."

அந்த விரலுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கிரிக்லர் என்ற கண் மருத்துவர் 1923-இல் எழுதினார்: பையின் மேல்வாயை விரலால் அடைத்துக்கொண்டு கீழ்நோக்கி அழுத்தினால், பையில் தேங்கிய நீரே போய்ச் சவ்வை முட்டி உடைக்கும். கம்பி செய்கிற வேலையைத் தேங்கின தண்ணீரையே செய்யவைப்பது. ஆனெல் வாசல் வழியாகப் போனார். இவர் உள்ளேயே போகவில்லை.

டாக்டரம்மா மகளின் கையை வாங்கி முதலில் நகத்தைப் பார்த்தார். "இதை ஒட்ட வெட்டுங்க." பிறகு பேத்தியின் கண்ணுக்கும் மூக்குத்தண்டுக்கும் இடையில், கண்முனைக்குச் சற்று உள்ளே, பட்டாணி வைக்கிற அளவு இடத்தைக் காட்டினார். அங்கே சுண்டுவிரல் நுனியை வைத்து எலும்பின் மேல் நிதானமாக அழுத்தி, அழுத்தத்தை விடாமல் மூக்கோரமாகக் கீழே இழுத்துவர வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து இழுப்பு, நாளைக்கு மூன்று நாலு தடவை. அழுத்தும்போது ஊசித்துளை வழியாகக் கொஞ்சம் பூளை மேலே வந்தால் பயப்பட வேண்டாம், இடம் சரி என்று அர்த்தம். மகள் செய்து காட்டினாள். "நீங்க கன்னத்தைத் தடவிக் குடுக்குறீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. முக்கால்வாசி வீட்டில் நடப்பது இதுதானாம். பிள்ளைக்கு வலிக்குமே என்று தாய் தடவுகிறாள். அந்தத் தடவலுக்குச் சவ்வு அசையாது. மறுபடி, மறுபடி செய்யவைத்து, விரல் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எங்களை அனுப்பினார். பூளை கெட்டியாக, நிறமாக வந்தால் மட்டும் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து. நான் மெடிக்கலில் வாங்கியது ஏன் நின்று பிடிக்கவில்லை என்பதும் விளங்கியது. மருந்து தேங்கிய நீரில் கிருமியைக் கொல்லும், மடையைத் திறக்காது.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா சொன்னார்: "இதத்தான நாங்க குளிப்பாட்டுறப்ப செய்வோம்! மூக்கு எடுப்பா வரணும்னு நீவிவிடுவோம்ல?" யோசித்துப் பார்த்தால் பாதி உண்மை. எண்ணெய்க் கையோடு மூக்குத்தண்டை மேலிருந்து கீழே நீவுகிற விரல், அந்தப் பட்டாணி இடத்துக்கு நூல் அளவு பக்கத்தில்தான் போகிறது. ஆனால் நூல் அளவு தள்ளிப் போகிறது. கண்ணுக்குள் மை தீட்டுவதை மட்டும் டாக்டரம்மா கண்டிப்பாக வேண்டாம் என்றிருந்தார். சில கடை மைகளில் ஈயம் இருக்கிறது, எண்ணெய்ப் பசை வேறு. நெற்றிப் பொட்டுக்கும் கன்னப் பொட்டுக்கும் தடை இல்லை என்றதும் அப்பத்தா சமாதானமானார். தாய்ப்பால் பிள்ளையின் வயிற்றுக்குப் போனால் போதும் என்று முடிவானது.

காத்திருப்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 4,792 குழந்தைகளை ஒரு வயதுவரை பின்தொடர்ந்து பார்த்து 1991-இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இந்தக் கண்ணீர்த் தேக்கம் இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே சரியாகிவிட்டது. அமெரிக்காவில் 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேலும் அடைப்பு நீடித்த குழந்தைகளை மட்டும் எடுத்து, ஒரு பகுதியினருக்குக் கம்பி விடாமல் ஆறு மாதம் காத்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக் கண்கள் கம்பி இல்லாமலே திறந்துகொண்டன. இரும்பைக் காய்ச்சியவர்கள் இந்த எண்களைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

அதற்காக நீர் வடிகிற எல்லாக் கண்ணும் காத்திருக்கலாம் என்பதில்லை. பிறக்கும்போதே கண்ணோரத்தில் நீலம் பாரித்த ஒரு கொப்புளம் தெரிந்தால் அது பை இரண்டு பக்கமும் அடைபட்டு உப்பியது. மூக்குக்குள்ளும் உப்பி மூச்சை மறிக்கலாம். கண்ணோரம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் பைக்குள் சீழ் பிடித்துவிட்டது. அன்றைக்கே போக வேண்டும். பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து இமை வீங்கிச் சீழாகக் கொட்டினால் அது பிரசவ நேரத்தில் தொற்றியதாக இருக்கலாம், கருவிழியையே தின்றுவிடக்கூடியது.

எல்லாவற்றையும் விட என்னை நடுங்கவைத்தது வேறொன்று. கண்ணில் நீர் வடியும், பூளை இருக்காது. வெளிச்சத்தைக் கண்டால் பிள்ளை முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொள்ளும். விழி நாளுக்கு நாள் பெரிதாகும், கருவிழி புகை படிந்த மாதிரி மங்கும். அது பிறவிக் கண்நீர் அழுத்த நோய். நம் வீடுகளில் பெரிய கண் பிள்ளையைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? "என்னா அழகு, முண்டக்கண்ணு!" அப்படிக் கொஞ்சிக்கொண்டே நரம்பு கருகுகிறவரை விட்டுவிட முடியும். எங்கள் பேத்தியின் கருவிழியை விளக்கடித்துக் குறுக்களவு பார்த்த பிறகுதான் டாக்டரம்மா அடைப்பைப் பற்றியே பேசினார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

கம்பி நிஜமாகவே வேலைக்கு இறங்குவதை எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பார்த்தோம், பார்த்தோம் என்றால் வாசலில் காத்திருந்து கேட்டோம். அவனுக்கு வயது ஒன்றேகால். ஆடிக் காற்றில் வெளியே தூக்கிவந்தால் இரண்டு கன்னமும் ஈரம்; துடைத்துத் துடைத்துக் கீழிமைத் தோல் வெந்துபோயிருந்தது. நம்மூரில் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். மயக்கத்தோடு சேர்த்து அரைமணி நேர வேலை. கம்பிக்கு அதில் சில நிமிஷம்தான்.

முதலில் ஊசித்துளையை லேசாக அகட்டுவார்கள். கம்பி இமையில் செங்குத்தாக இரண்டு மில்லிமீட்டர் இறங்கும். இமையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் படுக்கப்போட்டு மூக்குப் பக்கம் நகர்த்துவார்கள், எலும்பில் முட்டும்வரை. முட்டுவது மெத்தென்றிருந்தால் இன்னும் பைக்குள் போகவில்லை. கல்லில் தட்டினாற்போல் இருந்தால் பை வந்தாயிற்று. அங்கே கம்பியைப் புருவத்தின் மேல் சாய்த்து நிமிர்த்துவார்கள். இந்தத் திருப்பம்தான் சூட்சுமம். அவசரப்பட்டால் கம்பி தானே ஒரு பொய்வழி தோண்டிவிடும். அப்புறம் உண்மையான வழி தழும்பேறி மூடிக்கொள்ளும். நிமிர்ந்த கம்பி தன் போக்கில் கீழே இறங்கும். கடைசியில் ஒரு சின்னத் தடை. கொஞ்சம் அழுத்த, சவ்வு விட்டுக்கொடுப்பது விரலுக்குத் தெரியுமாம். சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, மூக்குத்துளை வழியாக இன்னொரு கம்பியை அடியில் விடுவார்கள். உலோகத்தில் உலோகம் உரசினால் தீர்ந்தது. பிறகு சாயம் கலந்த நீரை மேலே செலுத்தினால் மூக்கில் வந்து இறங்கும்.

நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் இந்த ஒரு தடவையிலேயே முக்கால்வாசிக்கு மேல், 78 சதவீதம்வரை, சரியாகிறது என்று ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மூன்று வயது தாண்டினால் பலன் குறைகிறது. சரியாகாதவர்களுக்கு மறுபடி கம்பி, இல்லாவிட்டால் பாதைக்குள் மெல்லிய சிலிக்கான் குழாயைச் சில மாதம் விட்டுவைப்பது. அதற்கும் மசியாதவர்களுக்குப் பையிலிருந்து மூக்குக்கு எலும்பில் புதுவழி வெட்டுகிற ஆபரேஷன். இத்தாலியின் டோட்டி 1904-இல் தொடங்கிவைத்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் கண்ணீர்ப் பாதைக்கென்றே தனி மையம் இருக்கிறது, அவ்வளவுக்கு இது ஒரு தனிப் படிப்பு. தெருப் பையனுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். மூக்கில் ஒரு கோடு ரத்தம் மட்டும் காய்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் ஏழு மாதம் நகம் வளரவில்லை. காலையில் பால் கொடுக்கும்போது, மத்தியானம் தூங்கவைக்கும்போது, இரவில் என்று மகள் விரலை வைத்துவிடுவாள். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது மாதம் சளி பிடித்து முன்பைவிட அதிகமாக வழிந்தது. கம்பியே போட்டுவிடலாமா என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். அடுத்த மாதத்தில் ஒருநாள் இமை ஒட்டவில்லை என்று அம்மாச்சிதான் கண்டுபிடித்தாள். பிறகு இரண்டு நாள் ஒட்டியது. பிறகு ஒரு வாரம் ஒட்டவில்லை.

எட்டாவது மாதம் டாக்டரம்மா மறுபடி அந்த ஆரஞ்சுச் சாயத்தைத் தொட்டுவைத்தார். ஐந்து நிமிஷம் இருக்கவிடாமல் பேத்தி கையைக் காலை உதறி அழுதாள். நீல விளக்கில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வெறிச்சென்றிருந்தன. டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையின் மூக்கைக் காட்டினார். இடது துளையில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது. துடைப்பதற்குள் அது இறங்கி, அப்பத்தா வாங்கிக்கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையின் கழுத்தில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் அதைச் சோப்புப் போட்டு அலச எடுத்தாள்.

"இருக்கட்டும்டி, இன்னைக்கு ஒருநா" என்று வாங்கிக் கொடியில் போட்டாள் அம்மாச்சி.